மௌனச் சில்லுகளும் புரோகிராமர் நிர்ணயமும்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1929-இல் தோன்றிய சர்வகலாசாலையில் பொறியியல் பயின்று வெளியேறும் மாணாக்கர், சென்னை ரிட்சி தெருவில் உதிரிகள் வாங்கிக் கட்டி, பரீட்சகர் முன்னிலையில் ஒருமுறை விளக்கெரித்துக் காட்டிய 'பிராஜெக்ட்' பலகைகளை, அறையைக் காலி செய்யும் நாளில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற்றிவிடுகிறார்கள் என்பதும், அவை கிலோக் கணக்கில் கைமாறி, கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் மின்னணு வித்தையின்மேல் பித்துக் கொண்டோரின் பிஸ்கட் டப்பாக்களை வந்தடைகின்றன என்பதும் யாவரும் அறிந்ததே. அந்த டப்பாவிலிருந்து எடுத்த மைக்ரோகண்ட்ரோலர் சில்லில் புதிதாக எழுத எந்தப் புரோகிராமர் கருவியை வாங்குவது என்பதே இவ்வாராய்ச்சியின் விஷயம். விலையைப் பிரமாணமாகக் கொள்வோரும், கடைக்காரர் வாக்கைப் பிரமாணமாகக் கொள்வோரும் சில்லின் மௌனத்தை ஆராயாமலே முடிவு கட்டியவர்கள் என்பது நம் சித்தாந்தம்.

டப்பாவில் பெரும்பாலும் அகப்படுவன: 1980-இல் இன்டெல் ஈன்ற 8051-இன் வழிவந்த 40 கால் ஏடி89சி51, அத்தனையே காலுடைய பிக்16எஃப்877ஏ, ஆர்டுயினோவினால் கீர்த்தியடைந்த, ஏவிஆர் வம்சத்து 28 கால் ஏடிமெகா328பி. பரம வைரிகளாயிருந்த பிக், ஏவிஆர் வம்சங்கள், 2016-இல் ஏவிஆரின் அட்மெல் நிறுவனத்தைப் பிக்கின் மைக்ரோசிப் வாங்கியபின் ஒரே வீட்டுக்கு உரியனவாகிவிட்டன எனினும் ஆகாரம் இன்னும் வேறுதான். எழுதும் வேளையில் பிக் 13 வோல்ட்டை நிம்மதியாக ஏற்கும், ஏவிஆருக்கோ பன்னிரண்டரைக்கு மேல் ஆகாது.

இனி மௌனம். சாக்கெட்டில் அமர்த்திப் படித்தால் எங்கும் 'எஃப்எஃப்' என்றே வருமாயின் அது பெரும்பாலும் வெறுமை. திரையை விலக்கினால் வெட்டவெளி காட்சி தருவது சிதம்பரத்தாருக்குப் புதிதன்று, ஆகையால் அவர்கள் கலங்கார். பூட்டப்பட்ட ஏவிஆர் பலசமயம் 00, 01, 02, 03 என்று பாலர் வகுப்புப் பிள்ளையைப் போல எண்ணிக்கொண்டே போகும். முழுவதும் அழித்தால் பூட்டுத் திறக்கும். பழைய மாணாக்கரின் புரோகிராமும் கூடவே போய்விடும் (உலகுக்கு அதனால் நஷ்டம் என்று சொல்ல ஆதாரமில்லை). தன் கையொப்ப எண்ணாகிய '1இ 95 0எஃப்' என்பதைக்கூடச் சொல்லாத ஏடிமெகா328பியைப் பிணம் என்று குப்பையில் எறிபவர் அவசரக்காரர். ஆர்டுயினோவில் வாழ்ந்த சில்லு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் துடிப்பையே நம்பியிருக்கும்படி அமைக்கப்பட்டது. கிரிஸ்டலைப் பலகையிலேயே விட்டுவிட்டுச் சில்லை மட்டும் பிடுங்கி வந்தால் அது யோகநித்திரையில் இருக்குமேயன்றி இறந்ததாகாது. ரீசெட் காலைச் சாதாரணக் காலாக்கும் 'ஃப்யூஸ்' என்னும் அமைப்பு பிட்டை முந்தைய எஜமானர் தொட்டிருந்தாலோ, 12 வோல்ட் காட்டினாலன்றி விழிக்காது.

இனிப் புரோகிராமர்கள். தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த யுஎஸ்பிஆஸ்ப் மலிவானது. ஏவிஆருக்கும் ஏடி89எஸ்52 போன்ற 'எஸ்' கிளையினருக்கும் உதவும். இணை (parallel) வழியில் எழுதாதபடியாலும் 12 வோல்ட் தராதபடியாலும் 'சி' கிளையின் 89சி51 அதனிடம் வாய் திறவாது. யுஎஸ்பிஆஸ்பைத் தாமே கட்ட முயல்வோர், அதன் வயிற்றிலும் ஓர் ஏடிமெகா8 இருப்பதையும், அதற்கு எழுத வேறொரு புரோகிராமர் வேண்டியிருப்பதையும் கண்டு, தார்க்கிகர் அனவஸ்தை என்று பழிக்கும் தோஷத்தில் அகப்படுவர். ஆர்டுயினோ ஒன்றை இரவல் வாங்கி, அதையே புரோகிராமராக நடிக்கச் செய்வது பரிகாரம். சீரியல் போர்ட்டிடம் மின்சாரம் யாசித்து வாழ்ந்த, பிக்குக்கான ஜேடிஎம் வகை, மடிக்கணினிகளில் அந்தப் போர்ட்டே மறைந்தபின் அநாதையாயிற்று. நெம்புகோல் வைத்த 40 கால் சாக்கெட்டும், இனமறிந்து வோல்ட் வழங்கும் சாமர்த்தியமும் உடைய டிஎல்866 போன்ற கருவியே நம் தீர்ப்பு. டப்பாவிலுள்ள சில்லுகள் அனைத்தின் மதிப்பையும் அதன் விலை மிஞ்சும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் டப்பாவை நிரப்பியவர் சிக்கனத்துக்காக அதை நிரப்பவில்லை. வளைந்த காலை நிமிர்த்தி, ஈயப் பொட்டைச் சுரண்டிய பிறகே நெம்புகோலைச் சாய்க்க வேண்டும்.

அபூர்வமாக, 8051 வம்சத்தில் நெற்றியில் கண்ணாடிச் சாளரம் உடைய 8751 அகப்படுவதுண்டு. புற ஊதா விளக்கு இல்லையேல் நேர் வெயிலில் ஒரு வாரத்தில் அதன் எழுத்து அழியலாம் என்றும், ட்யூப்லைட்டுக்கு மூன்று ஆண்டு பிடிக்கும் என்றும் விவரக் குறிப்பு கூறும். அக்கினி நட்சத்திரத்தில் கடலூர் மொட்டைமாடியில் இக்கணக்கு எவ்வளவு சுருங்கும் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. எழுதியபின் சாளரத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்ட மறந்தவர்கள் சாட்சி சொல்லத் தயாராயிருக்கிறார்கள்.