ஏழைகளின் பட்டம்

தமிழில் ஒரு பெயருக்கு முன்னால் ‘ஏழைகளின்’ என்று சேர்த்துவிட்டால் பட்டம் கட்டியதாகிவிடும். கொய்யா ஏழைகளின் ஆப்பிள், நிலக்கடலை ஏழைகளின் பாதாம், ஏற்காடு ஏழைகளின் ஊட்டி. விடுமுறை நாளில் அங்கே விடுதி வாடகையை விசாரிக்கும் ஏழை, மலையேறாமல் சேலத்திலேயே தங்கிவிடுவது உத்தமம்.

பருப்புக்கும் ‘ஏழைகளின் இறைச்சி’ என்றொரு பெயருண்டு. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, பல ஊர்களில் பிராய்லர் கோழி அதைவிட மலிவாகக் கிடைத்தது. பட்டத்தை மட்டும் யாரும் மாற்றிக் கட்டவில்லை.

ரயில்வே பெயரையே எழுதி ஒட்டிவிட்டது. 2006இல் ஓடத் தொடங்கிய ‘கரீப் ரத்’ என்றால் ஏழையின் ரதம், முழுக்கக் குளிர்சாதனம். தொடக்கத்தில், போர்த்திக்கொள்ளக் கம்பளி கேட்டால் அதற்குத் தனிக் காசு வாங்கினார்கள். பக்கவாட்டில் இரண்டு படுக்கை இருக்கும் இடத்தில் மூன்று வைத்தார்கள். ஏழை நெருக்கியடித்துப் படுக்கப் பழகியவர் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அரசின் கணக்கு இன்னும் சுவாரசியம். 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரப்படி, நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய்க்கு மேல் செலவழிப்பவர் ஏழையே இல்லை.

2019இல் வந்த 10 விழுக்காடு இட ஒதுக்கீட்டிலோ, மற்ற ஒதுக்கீடுகளில் வராத, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பம் ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’. அப்படி நலிந்தவர்களில் அப்போது வருமான வரி கட்டியவர்களும் உண்டு. வரி ரசீதையும் நலிவுச் சான்றிதழையும் அவர்கள் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டிருக்கலாம்.