கெமிக்கல் இல்லாத சோப்பு

தீபாவளிக்கு இப்போது இனிப்புப் பெட்டியோடு வீட்டில் செய்த சோப்பும் வருகிறது. சணல் கயிறு, காய்ந்த ரோஜா இதழ், 'கெமிக்கல் இல்லாதது' என்று கையால் எழுதிய சீட்டு. தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடா சேராமல் சோப்பே பிறக்காது. அளவு சரியாக இருந்தால் கடைசியில் சோடா மிஞ்சாது, வாஸ்தவம். ஆனால் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அதைக் கரைத்தவர்தான் அந்தச் சீட்டையும் எழுதினார்.

ஊற்றிய சோப்பு 4 முதல் 6 வாரம் காயவேண்டும். நம்மவர்களுக்கோ போன வாரம் யூடியூப், இந்த வாரம் விநியோகம். "உடனே தேய்ச்சிடாதீங்க அண்ணி, ஒரு மாசம் காத்தாட வைங்க" என்று வாசலிலேயே உத்தரவு. தீபாவளிக் குளியலுக்குக் கொடுத்தது கார்த்திகை மாசத்தில்தான் உடம்பில் படும்.

நலங்கு மாவு கொடுப்பவர்கள் தேவலை. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் வெயிலில் காய்ந்து, சுத்தமாக மாவு மில்லுக்குப் போகின்றன. அங்கே முந்தின ஆள் அரைத்தது அரிசியா, மிளகாயா என்று யாரும் விசாரிப்பதில்லை. முகத்தில் பூசிக்கொண்ட மாமி கண்டுபிடித்துச் சொல்வார்.