பதினொன்றரை மணி மச்சி

இன்ஜினியரிங் கல்லூரி விடுதி எதுவானாலும் மாடிக்கு ஒரு மச்சி உண்டு. மெஸ்ஸில் இட்லி ஆவி பறக்கும்போது போர்வைக்குள் இருப்பான். 75 சதவீத அட்டெண்டன்ஸ் பயத்தில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடுவான். மதியம் மெஸ் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய் இரண்டு பப்ஸ். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் ஆளுக்கு விடியும். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் டெலிவரிக்காரர், இந்தப் பக்கம் மச்சி; சுவருக்கு மேலே கைமாறும் கொத்து பரோட்டா, முடிச்சவிழ்ந்து சட்டையில் ஒழுகும் சால்னா. இருபது வயதிலேயே பேண்ட் பொத்தானுக்கும் அதன் துளைக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கும். வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்கும் அம்மாவோ, "ஏம்ப்பா இப்படி இளைச்சுட்டே?" என்பார்.

தீனிப்பண்டாரம் என்று ஊர் சொல்லும். தீனி கூடியதற்குத் தூக்கம் கெட்டதே காரணம் என்பது என் கட்சி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். 2004இல் வெளியான முடிவு: 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. ஆசை போனதும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் பக்கம்தான். பன்னிரண்டு பேர் ஒரு கணக்கா என்றால், சின்னக் கணக்குதான். ஆனால் மச்சி இரண்டு இரவோடு நிறுத்துவதில்லை, செமஸ்டர் முழுக்க விழிக்கிறான். அதே விழிப்பில் அறைத்தோழன் ஒல்லிக்குச்சியாகவே இருக்கிறானே? உடல்வாகு ஆளுக்கு ஆள் வேறு. தவிர, ஒல்லியாகத் தெரியும் ஆசிய உடம்பிலும் வயிற்றுக் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்றுதான் பிஎம்ஐ 23 தாண்டும்போதே நம்மைக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

ஏன் தூங்குவதில்லை என்று கேட்டால் 'ரீல்ஸ்' என்பான். அடியில் கிடப்பவை இரண்டு அரியரும் பிளேஸ்மென்ட் பயமும். மனச்சோர்வு பருமனுக்கும், பருமன் மனச்சோர்வுக்கும் வழிவிடுகிறது என்று 15 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் காட்டினார்கள். இரு திசையிலும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதற்குமேல் நண்பர்கள் சூட்டிய 'டேங்கர்' பட்டம் வேறு. அவனே சிரித்துக்கொண்டு ஏற்பான், பிறகு ஒரு பரோட்டா கூடும். கட்டுப்பாடு வேண்டாமா என்கிறீர்கள். ஜிம்முக்கு வருடச் சந்தாவே கட்டியிருக்கிறான், திங்கட்கிழமைதான் வந்தபாடில்லை. கல்லூரியின் கவுன்சலிங் அறையோ பெரும்பாலும் அலுவலக நேரத்தோடு பூட்டப்படும், மச்சியின் கவலைகள் விழிப்பதற்கு வெகு முன்னால். ராத்திரியிலும் எடுக்கும் அரசு மனநல உதவி எண் ஒன்று 2022 முதல் இருக்கிறது: 14416, டெலி-மானஸ். பரோட்டா ஆப் மாதிரி அதற்கு ஐம்பது ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் கிடையாது.