ரயிலுக்கென்றே கட்டிய அறை

வளைகுடாவில் அடுக்குமாடி வீடு கட்டுகிறவர்களுக்கு மாதிரி ரயில் ஆர்வலர்கள் கடமைப்பட்டிருக்கிறோம். துபாய், அபுதாபி, தோஹா என்று எந்த ஊரிலும் கொஞ்சம் பெரிய ஃப்ளாட்டுக்குள் போய்ப் பாருங்கள். கிச்சனைத் தாண்டி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு குறுகலான கதவு இருக்கும். பிளானில் அதற்கு மெய்ட் ரூம் என்று பெயர். வீட்டில் ரயில் லே-அவுட் போட இடம் தேடுகிறவர் வேறெங்கும் அலைய வேண்டாம், அந்தக் கதவைத் திறந்தால் போதும். தரை அளவிலிருந்து சுவர் வரை ரயிலின் தேவை அறிந்து அமைந்த அறை அது. காரணங்களைச் சொல்கிறேன், ஒன்றும் மிகையில்லை.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஹாலில் விருந்தாளி வருவார், பிள்ளைகள் பந்து எறியும். பால்கனியில் ஆகஸ்ட் மாத வெயிலுக்கு பிளாஸ்டிக் ஸ்லீப்பர் நெளிந்துவிடும். ஒரு நாள் மணற்காற்று அடித்தால் எஞ்சினின் பற்சக்கரம் வரைக்கும் தூசு ஏறும். வில்லாவின் கராஜுக்கும் இதே கதிதான். மிச்சமிருக்கும் படுக்கையறை, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் வேண்டும்.

மெய்ட் ரூமின் முதல் சிறப்பு, ஜன்னல் இல்லாதது. நான் பார்த்தவற்றில் பலவற்றுக்கு வெளிச்சுவரே கிடையாது, நாலு பக்கமும் வீட்டுச் சுவர்தான். மாதிரி ரயிலுக்கு வெயில் ஆகாது. கண்ணாடி வழியாக வருகிற வெயில்கூடப் பெட்டிகளின் பெயின்ட்டை வெளுக்க வைத்துவிடும், மரத்துக்கும் புல்லுக்கும் பூசிய பச்சையைப் பழுப்பாக்கிவிடும். இங்கே அந்தக் கவலை இல்லை. விடியற்காலை, நடுப்பகல், நள்ளிரவு மூன்றும் இந்த அறைக்கு ஒன்றுதான். விளக்கைப் போட்டால் பகல், அணைத்தால் இரவு. குன்னூர் ஸ்டேஷனில் பொழுது சாய்கிற நேரத்தை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம். உள்ளே இருந்தால் விடிந்ததா, வெளியே மழையா என்று தெரியாது. ரயிலுக்கு அது தெரியவும் வேண்டாம்.

இரண்டாவது, சூடு. மாதிரித் தண்டவாளத்தைப் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையில் செய்கிறார்கள். பத்து மீட்டர் நீளத் தண்டவாளம் இருபது டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். இடைவெளி விடாமல் பதித்திருந்தால் பாதை புடைத்து எஞ்சின் கவிழும். ஆகவே தண்டவாளத்துக்கு வேண்டியது குளிர்ச்சி என்பதைவிட, ஏற்ற இறக்கம் இல்லாத நிலை. ஏசி ஓடி ஓடி நிற்கும் படுக்கையறையில் அது கிடைக்காது. மெய்ட் ரூமுக்கோ பல கட்டடங்களில் ஏசி குழாயே போவதில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் புழுக்கம் காலையிலும் மாலையிலும் ஒரே அளவில் நிற்கும். கோடையில் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினாலும் வெளிச்சுவர் உள்ள அறைகளைவிட இங்கே பாதை தப்பிப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, அளவு. தடம் புரண்ட பெட்டியைக் கையை நீட்டி எடுத்து வைக்க முடிய வேண்டும். 75 சென்டிமீட்டருக்கு அப்பால் எதையும் வைக்காதே என்பது இந்தக் கலையின் பால பாடம். இரண்டு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இருக்கிற மெய்ட் ரூமின் நடுவில் நின்று ஓரடி எடுத்து வைத்தாலே எந்தச் சுவரும் கைக்கு எட்டும். சுவரையொட்டி நெஞ்சளவு உயரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தட்டு அடித்து அறையைச் சுற்றிவரப் பாதை போடலாம். பாம்பன் பாலத்தை முழு நீளத்துக்குச் செய்கிற ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும். 2 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான அந்தப் பாலம், 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ. அளவில்கூட ஏறக்குறைய 24 மீட்டர் வரும். அப்படிப்பட்ட கனவுகளுக்குப் புனே கோத்ருடில் 1998-இல் திறந்த ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகம்போலத் தனிக் கூடமே வேண்டும். நம் நீலகிரி மலை ரயில் இந்த அறைக்குக் கச்சிதம். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் போன மீட்டர் கேஜ் பாதை. வளைவுகள் இறுக்கம், ரயில் சிறியது. அதன் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்டவை. பாதையும் மீட்டர் கேஜ் என்பதால், சுவிஸ் மலை ரயில்களுக்கென்று விற்கும் 12 மில்லிமீட்டர் பல்சக்கரத் தண்டவாளத்தை நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஷார்ஜாவில் இருக்கிற நண்பர் ஒருவர் இதைத்தான் செய்தார். ஊட்டி ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின் கட்டித் தந்த திருச்சி பொன்மலைப் பணிமனையின் சங்கு ஒலியில் வளர்ந்தவர். துபாய் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2009-இல். அதற்கு முன்னால் அமீரகத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போனால்தான் ரயிலைப் பார்த்தார்கள். தன் மகளுக்கு அதை வீட்டிலேயே காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனதும் மெய்ட் ரூமை அளந்தார். நானும் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன்.

அறையை யாரும் இன்னும் சுத்தம் செய்யவில்லை. தரை விரிப்பில் கட்டில் கால்கள் அழுந்திய நாலு குழிகள். கட்டில் இருந்த இடம் போக, கதவு திறக்க இடம் இருந்தது, அவ்வளவுதான். சுவருக்குச் சுவர் துணி காயப்போடும் கயிறு. ஆணியில் மட்டக்களப்புக் கடை ஒன்றின் பழைய காலண்டர். அதில் சில வெள்ளிக்கிழமைகளை மட்டும் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். கதவு நிலையை ஒட்டிச் சுவரில் பென்சிலால் ஒரு சின்ன அம்புக்குறி. எதற்கென்று புரியாமல் நண்பர் போனை அங்கே கொண்டுபோனார். அந்த ஓரிடத்தில்தான் சிக்னல் கிடைத்தது.

இந்த அறைக்கு இருந்த குறைகள் இரண்டே இரண்டு. ஒன்று அந்த சிக்னல். ரயிலைப் போனிலிருந்து ஓட்டுவதற்கு வைஃபை வேண்டும். மறுநாளே ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டினார். இன்னொன்று கிச்சன். பொரிக்கிற எண்ணெய்ப் புகை தண்டவாளத்தில் படிந்தால் சக்கரத்துக்கு மின்சாரம் ஏறாது, எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும். எனவே கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன், ஈரப்பதம் மரத்தை ஊதவைக்காமல் இருக்க மூலையில் ஒரு டீஹியூமிடிஃபையர். வார விடுமுறைக்குள் வேலை முடிந்தது. செலவும் பெரிதில்லை. இந்த அறையை இவ்வளவு எளிதாகச் சீர்செய்ய முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். கட்டடம் எழும்பிய நாள் முதல் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் யாருக்கும் அதற்கான தேவை எழவில்லை, ஏனென்றால் அதுவரை அந்த அறைக்கு ரயில் வரவில்லை.

மெய்ட் ரூம் இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வது? அவருக்கும் வளைகுடா வழி வைத்திருக்கிறது. உலகமெங்கும் புதிதாகத் தொடங்குகிறவர் வாங்குவது எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகை ஒன்று. அதன் பரப்பு 2.97 சதுர மீட்டர். ஐக்கிய அரபு அமீரகத்தின் விதிப்படி, தொழிலாளர் விடுதியில் ஒருவருக்குத் தர வேண்டிய இடம் குறைந்தது 3 சதுர மீட்டர். ஒரு விதிக்கும் ஒரு பலகைக்கும் இவ்வளவு துல்லியமான பொருத்தத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எச்.ஓ. அளவில் ஒரு வட்டப் பாதை, ஒரு ஸ்டேஷன், ஒரு யார்டு போட இந்த இடம் தாராளம். வேறுபாடு ஒன்றுதான். பலகையை அறைக்குள் போட்டால் சுற்றிலும் இரண்டிரண்டு அடி நடைபாதை விடச் சொல்வார்கள். அப்படி விட்டால் எட்டுக்குப் பன்னிரண்டு, அதாவது பலகையைப்போல் மூன்று மடங்கு இடம் ஆகும். மனிதருக்குச் சொன்ன 3 சதுர மீட்டரில் படுக்கை, பெட்டி, நடக்கிற இடம் எல்லாம் அடக்கம்.

அதே எட்டுக்கு நாலு பலகையின் திறமையைத் துபாயின் தேராவிலும் சத்வாவிலும் பார்க்கலாம். ஒரு ஹாலை நாலு குடும்பங்களுக்கு அறையாக்கித் தருகிற பார்ட்டிஷன் வேலைக்கும் ப்ளைவுட்டோ ஜிப்சம் பலகையோதான். லே-அவுட் கட்டுகிறவர்கள் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளம் போடலாமா, மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் விடலாம் என்று காலமெல்லாம் விவாதிப்பார்கள். பெட் ஸ்பேஸ் என்று கட்டிலை மட்டும் வாடகைக்கு விடுகிறவர் அதற்கு என்றோ விடை கண்டுவிட்டார். கீழே ஒருவர், மேலே ஒருவர், நடுவில் உட்கார்ந்தால் தலை இடிக்கிற உயரம். மாதிரி ரயிலுக்குப் போதுமான உயரம்தான் அது. 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்பறைகளை அகற்றும் நடவடிக்கையில் இறங்கியது. தீ விபத்து நேர்ந்தால் அந்தத் தடுப்புகளுக்கு நடுவே வழி தெரியாது என்பதால் அது தேவையான நடவடிக்கை. பிரித்தெடுத்த பலகையை லே-அவுட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் பெட்டியோடு இன்னொரு பலகைக்குப் பின்னால் இடம் தேடிப் போயிருப்பார். குறைந்த சம்பளத்துக்கு அந்த ஊர்களில் வேறு என்ன கிடைக்கும்?

ஆக, ஜன்னல் வேண்டாம், காற்று வேண்டாம், ஏசி வேண்டாம், கையை நீட்டினால் சுவர் தட்ட வேண்டும், யாரும் வந்து போகக் கூடாது என்று ஒருவர் பட்டியல் போட்டால், அவர் கேட்பது ரயிலுக்கு. அந்தப் பட்டியலை வரி பிசகாமல் நிறைவேற்றுகிற அறையை வளைகுடா வீடுகள் வைத்திருக்கின்றன. அதில் ரயில் ஓடினால் மனம் நிறைந்து பாராட்டுவேன். அங்கே தூங்குவது இலங்கையிலிருந்தோ நம் கடலோர மாவட்டங்களிலிருந்தோ பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண் என்பதைத்தான் என்னால் பாராட்ட முடியவில்லை. நாள் முழுதும் வீட்டைத் துடைத்து, சமைத்து, மற்றவர் பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு அவர் போய்ப் படுக்கிற இடம் அது. அமீரகத்தின் 2022-ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம் அவருக்குத் தகுந்த தங்குமிடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளில் 12 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியாக என்று கேட்கிறது. தகுந்தது எது என்பதை வீட்டுக்காரர் ஒரு நாள் இரவு அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்வார்.

அமீரகத்திலும் கத்தாரிலும் குவைத்திலும் ஆள் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்களைத்தான் கேட்கிறேன். நம் வீடுகளிலும் இந்த அறை இருக்கிறது. மாதிரி ரயிலில் ஆசை உள்ளவர்கள் லே-அவுட்டை மெய்ட் ரூமில் போடுங்கள், அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆசை இல்லாதவர்கள் பெட்டியையும் சைக்கிளையும் அங்கே வையுங்கள். உங்களுக்காக உழைக்கிற பெண்ணுக்கு ஜன்னல் உள்ள அறையைக் கொடுங்கள். உடனே முடியாதென்றால் இந்த வாரமே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒரு வைஃபை பூஸ்டரும் வாங்கி மாட்டுங்கள்.