அவசியம் சந்திக்கணும் சார்

ஹைதராபாத் மாதாப்பூரின் ஐயப்பா சொசைட்டியில், ஹாஸ்டல் பலகைகளுக்கு மேலே நாலாவது மாடியில் குடியிருந்துகொண்டு, உலகத்திலுள்ள சகல ஜனங்களோடும் அத்யந்த சிநேகம் பாராட்டிவரும் அந்த மகானுபாவரை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் உங்களுக்கும் நண்பர்தான். ‘நாம அவசியம் ஒரு நாள் சந்திக்கணும் சார்’ என்று உங்களுக்கும் எழுதியிருப்பார். நீங்களும் ‘கட்டாயம்’ என்று பதில் எழுதிவிட்டு, அந்த ஒரு நாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பெற்றவர்கள் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆயினும் எங்கள் வீட்டில் அவருக்கு வழங்கிவரும் நாமதேயம் ‘சந்திப்போம் சார்’ என்பதே. இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

முகநூல்காரர்கள் இந்தியாவில் தங்களுடைய முதல் அலுவலகத்தை 2010-ஆம் ஆண்டில் திறந்தது எங்கள் ஹைடெக் சிட்டியில்தான் என்கிற செய்தியை அவர் ஸ்தல புராணம் சொல்லும் பக்தியோடு சொல்லுவார். சிநேகத்தையே வியாபாரமாகக் கொண்ட அந்த ஸ்தாபனம் பாதம் பதித்த மண்ணில் வசிப்பதனால், அந்த விஷயத்தில் தமக்கு ஒரு விசேஷப் பாத்தியதை உண்டென்பது அவருடைய அபிப்பிராயம். ஒருவருக்கு 5,000 நண்பர்களுக்கு மேல் கூடாதென்று முகநூல் விதித்திருக்கும் எல்லையை அவர் என்றைக்கோ எட்டிவிட்டபடியால், புதிதாக வருகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். ராபின் டன்பார் என்கிற ஆங்கிலேயப் பேராசிரியர், மனித மூளையால் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 பேரோடு சரி என்று கணக்குச் சொல்லியிருப்பதை நான் ஒரு சமயம் பிரஸ்தாபித்தபோது, ‘அப்படியா? அவரையும் ஒரு நாள் சந்திக்கணும் சார்’ என்றார்.

எங்கள் சிநேகம் ஆரம்பித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துர்கம் செருவின் குறுக்கே 2020-இல் கேபிள் பாலம் திறந்ததிலிருந்து ஊரே இராத்திரி வேளையில் அங்கே விளக்குப் பார்க்கப் போவதைப் பற்றி நான் ஏதோ எழுதியிருந்தேன். அதன் கீழே, ஒரு காலத்தில் கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது என்பதை நினைவூட்டி, பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரையும் கொஞ்சம் பார்க்கலாமே என்று அடக்கமாக நாலு வரி எழுதியிருந்தார் இவர். நன்றி சொன்னேன். ‘உள்டப்பிக்கு வாங்க சார்’ என்றார். போனேன். எழுத்தாளர் தேவனைப் பற்றியும், தஞ்சாவூரில் அவர் பாட்டி வைக்கும் வெங்காய சாம்பாரைப் பற்றியும், ஹைதராபாத் வெயிலைப் பற்றியும் பேசிப் பேசி நடுநிசி ஆகிவிட்டது. கவூரி ஹில்ஸ் பக்கம் இருக்கும் என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி ஆகாது என்பது அன்றிரவே தெரியவந்தது. அந்தக் கணத்தில்தான் அவர் முதன் முதலாக அந்த மகாவாக்கியத்தை எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பூர்வாங்கம். இன்றுவரை நடந்துகொண்டிருப்பதும் பூர்வாங்கம்தான். சனிக்கிழமை ஆகாது, அன்று அவர் வாரம் முழுவதற்குமான தூக்கத்தைத் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆகாது, அன்று திங்கட்கிழமையை நினைத்து வியாகூலப்படுகிறார். மற்ற நாட்களில், நமக்குப் பொழுது சாயும் வேளையில் அமெரிக்காவில் பொழுது விடிந்துவிடுவதால், அங்கே பல் விளக்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒரு மேனேஜருக்கு இவர் இங்கிருந்து பதில் சொல்லியாக வேண்டும். ஆஷாடத்தில் போனாலு, அதற்கப்பால் விநாயகர் நிமஜ்ஜனம், இரண்டுக்கும் நடுவே மழை. சங்கராந்தி வந்து, ஊரில் பாதிப் பேர் ஆந்திரத்துக்குப் போய்விட, சைபர் டவர்ஸ் சந்திப்பில் குழந்தைகள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடலாம் போல் வெறிச்சோடிக் கிடக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களிலாவது சந்திக்கலாமே என்றால், அவரும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிடுவார். ஏறின கையோடு, ‘ரோடெல்லாம் எவ்வளவு ஃப்ரீயா இருக்கு சார், மிஸ் பண்ணிட்டோமே’ என்று நெஞ்சுருக ஒரு செய்தியும் அனுப்புவார்.

நாள் அமைந்தாலும் இடம் அமைய வேண்டுமே! சில்பாராமம் என்றால் சீட்டு வாங்க நிற்க வேண்டும். இனார்பிட் மால் என்றால் இரைச்சல், ‘மனசு விட்டுப் பேச முடியாது சார்.’ பாலத்தடி என்றால் கொசு. இரானி சாய்க் கடை என்றால், ‘ரொம்ப நேரம் உக்கார விட மாட்டான் சார்.’ அவருடைய அறைக்கே வருகிறேன் என்றால் அறைத் தோழர் இராப் பணி முடித்துத் தூங்குகிறார். என் வீட்டுக்கு வாருங்கள் என்றால், ‘அம்மாவுக்கு எதுக்கு சார் சிரமம்’ என்று, என் மனைவியை அவள் கேட்டால் சந்தோஷப்படாத உறவுமுறையால் குறிப்பிட்டு மறுத்துவிடுவார். ஒவ்வோர் இடத்துக்கும் வரைபடம், புகைப்படம், பிறர் கொடுத்த நட்சத்திரங்கள், உணவுப் பட்டியல் ஆகிய சகல சாசனங்களையும் திரட்டி அனுப்பி, அவற்றின் குணதோஷங்களை ஆராய்ந்து அவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்தால், மாதாப்பூரைப் பற்றி அதைக் காட்டிலும் பரிபூரணமான ஒரு யாத்திரை நூல் தமிழில் இராது. அந்தப் பிரயாசையில் நூற்றில் ஒரு பங்கைக் கால்களுக்குக் கொடுத்திருந்தால் அவர் என்னை எத்தனையோ முறை சந்தித்திருக்கலாம். இதை அவரிடமே சொன்னேன். ‘கரெக்ட் சார், இதையெல்லாம் நேர்ல பேசணும்’ என்றார்.

ஒரு தடவை எல்லாம் கூடிவந்தது. மாலை ஆறு மணி, சில்பாராமத்துக்கு எதிர்ப்புறம் உள்ள தேநீர்க் கடை. முன்கூட்டியே போய் ஒரு சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ‘கிளம்பிட்டேன் சார், லைவ் லொக்கேஷன் போட்டிருக்கேன், பார்த்துக்குங்க’ என்று வந்தது. வாட்ஸ்அப்பில் நம் இருப்பிடத்தைக் கால் மணி நேரத்துக்கோ, ஒரு மணி நேரத்துக்கோ, எட்டு மணி நேரத்துக்கோ பிறருக்குக் காட்டலாம். சந்திப்போம் சார், சிநேக மிகுதியினால், எட்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். ‘இமேஜ் கார்டன்ஸ் ரோட்ல செம டிராஃபிக் சார்’ என்று அடுத்தது வந்தது. வரைபடத்தைப் பார்த்தேன். அவருடைய முகம் பதித்த சிறு வட்டம் ஐயப்பா சொசைட்டியில், அவர் வீட்டின்மேல், நிச்சலனமாக நின்றுகொண்டிருந்தது. ‘சைபர் டவர்ஸ் சிக்னல் சார், ரெண்டே நிமிஷம்’ என்று மூன்றாவது வந்தது. வட்டம் அசையவில்லை. அப்புறம் அது லேசாகத் தெற்கே நகர்ந்தது. என் உள்ளமும் நகர்ந்தது. சமையலறைக்குப் போயிருக்கிறார் போலும். சற்று நேரத்தில் பழைய ஸ்தானத்துக்கே திரும்பிவிட்டது. ஏழரை மணிக்கு, ‘ஆபீஸ்ல புரொடக்‌ஷன் இஷ்யூ சார், பாதி வழியில திரும்ப வேண்டியதாப் போச்சு’ என்று மிகுந்த துக்கத்துடன் எழுதினார். நான் வீடு திரும்பி, சாப்பிட்டு, படுத்து, விளக்கை அணைத்த பின்னரும் அந்த வட்டம் என் கைப்பேசியில் தன் வீட்டுக் கூரையின்மேல் சத்தியசந்தமாகப் பிரகாசித்துக்கொண்டிருந்தது.

அதோடு போயிற்றா? மறுநாள் காலையில், ‘சந்திக்காத ஒரு சந்திப்பு’ என்ற மகுடத்தில் முகநூலில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, என் பெயரையும் அதில் கோத்துவிட்டிருந்தார். நகர வாழ்க்கை மனிதர்களைப் பிரிப்பதையும், அவரை எதிர்பார்த்து நான் குடித்த தேநீர் ஆறிப்போனதையும் (அது ஆறவில்லை, சூடாகத்தான் குடித்தேன்) கண்ணீர் வருமாறு வர்ணித்து, ‘பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்த்தா பழகினார்கள்?’ என்று முடித்திருந்தார். ஜனங்கள் இருதயங்களாக வாரி இறைத்தார்கள். ‘இப்படி ஒரு நட்பு கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்’ என்று ஓர் அம்மையார் என்னை வாழ்த்தினார்.

பிசிராந்தையாரை நம்மவர்கள் இழுத்து வந்து சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கு ஓர் அளவில்லாமல் போய்விட்டது. பாண்டிய நாட்டுப் பிசிரில் இருந்த புலவரும் உறையூரில் இருந்த சோழனும் ஒருவரையொருவர் பாராமலேயே உயிர்ச் சிநேகிதர்களாக இருந்தார்கள் என்கிற முற்பாதியைத்தான் எல்லோரும் சொல்லுகிறார்கள். பெற்ற மக்களோடு பகைத்து, மனம் வெறுத்து, சோழன் வடக்கிருந்தபோது, தன் பக்கத்தில் பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னான். அவர் வரவே மாட்டார் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, கிழவர் வந்து சேர்ந்தார். வந்து, கூடவே உட்கார்ந்து, உயிரையும் விட்டார். வழியில் ஒருவேளை டிராஃபிக் இருந்திருக்கலாம். இருந்ததாக அவர் எங்கும் பாடவில்லை. நரையில்லாமல் இருப்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் நல்ல மனைவி மக்களும், குறிப்பறியும் ஏவலரும், முறை தவறாத அரசனும், ஊரில் சான்றோர்களும் உண்டு. தேநீர்க் கடையில் அவரை யாரும் காக்கவைக்கவில்லை என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் அது அதர்மம். என் தகப்பனாருக்கு மாதாப்பூரிலேயே ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவரால் படிக்க முடியாது, டெலிவிஷனும் பிடிக்காது. அதைக் கேள்விப்பட்ட சந்திப்போம் சார், அன்றிரவு முதற்கொண்டு, தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ கதைகளைத் தாமே வாசித்து, குரல் செய்தியாக அனுப்ப ஆரம்பித்தார். சாம்புவுக்கு ஒரு குரல், இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல், நடுவே தண்ணீர் குடிக்கும் சப்தம். ஒவ்வொரு கதையும் அரை மணிக்கு மேல். அமெரிக்க மேனேஜருக்குப் பதில் சொல்லி முடித்து, நடுநிசிக்குமேல் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து என்னைக் கடிந்துகொண்டாள். ‘அந்தப் பிள்ளை இன்னிக்கு அனுப்பலையா?’ என்று அவர் சாயங்காலமே கேட்கத் தொடங்கிவிடுவார். கோயமுத்தூரில் இருக்கும் என் உடன்பிறந்தான் அறியாத சர்க்கரை அளவுகளெல்லாம் இவருக்கு மனப்பாடம். இதைப் போலி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஆனால் எனக்கு அப்போது வேண்டியிருந்தது சாம்பு அல்ல. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பாவின் கட்டிலருகே உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம். அதை எழுதவும் எழுதினேன். கை கூப்பிய சித்திரம் ஒன்றும், அறுவைக்குப் பின் உண்ணத்தக்க ஆகாரங்களின் ஜாபிதாவும் வந்தன. எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

வந்தவர் வேறொருவர். செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ரெயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரும் முகநூலில் பழக்கமானவர்தான். பழக்கம் என்பதைவிட வியாஜ்ஜியம் என்று சொல்வது பொருந்தும். நான் எதை எழுதினாலும் அதில் ஒரு சந்திப் பிழையைக் கண்டுபிடித்து, ‘இங்கே வலி மிகாது’ என்று ஒரே வரி போடுவார். வாழ்த்து, நலவிசாரிப்பு, இருதயம் ஒன்றும் கிடையாது. அந்தப் பேட்டைப் பழைய தமிழ்க் குடும்பங்களில் முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்கந்தகிரிக் கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்புகையில் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். அந்தச் சுபாவத்தோடு, செகந்திராபாத் கிழக்கில் மெட்ரோ ஏறி, தூக்குப் பாத்திரத்தில் தயிர் சாதத்துடன் வந்து இறங்கினார். ‘நீர்தானா அது? படத்துல பார்த்ததை விட இளைச்சிருக்கீர். போய்க் குளிச்சிட்டு வாரும்’ என்றார். திரும்பி வந்தபோது, மசால் வடையில் சோம்பு சேர்க்கலாமா கூடாதா என்பதைப் பற்றி அப்பாவோடு பலத்த தர்க்கம் நடந்துகொண்டிருந்தது.

இது தெரிந்ததும் சந்திப்போம் சாருக்கு உண்டான ஆனந்தத்தில் பொறாமையின் சாயை அணுவளவும் இல்லை. ‘அடடா! அப்போ நாம மூணு பேரும் அவசியம் சந்திக்கணும் சார்’ என்று எழுதி, அந்த நிமிஷமே ‘பிசிராந்தையார் பேரவை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, எங்கள் இருவரையும் சேர்த்து, நாலு தேதிகளும் ஐந்து இடங்களும் கொடுத்து வாக்கெடுப்பும் வைத்துவிட்டார். பெரியவர் வாக்களிக்கவில்லை. ‘பேரவை’ என்பதில் அவருக்குப் பிழை ஒன்றும் அகப்படாதது ஒரு காரணமாக இருக்கலாம். குழுவிலிருந்து சப்தமில்லாமல் வெளியேறிவிட்டார். அப்படி வெளியேறுகிறவர்களைப் பற்றிக் குழுவின் அதிபதிக்கு மட்டும் அறிவிக்கும்படி வாட்ஸ்அப் ஏற்பாடு செய்திருப்பதால், எனக்கு அது சந்திப்போம் சார் சொல்லித்தான் தெரிந்தது.

‘அவருக்கு ஞாயித்துக்கிழமை தோதுப்படாதோ சார்?’ என்று கேட்டிருந்தார்.