கரகரப்புக்கு உள்ளே

கேள்வி: பழைய சேர்ந்திசைப் பதிவுகளை ரசிக்கச் சொல்கிறீர்கள். கரகரவென்ற இரைச்சல்தானே முதலில் காதில் விழுகிறது?
- வாசகர், மண்ணரை, திருப்பூர்

பதில்: ஓவர்லாக் மெஷின் இரைச்சலிலும் பக்கத்து மெஷின்காரர் பேச்சைப் பிடித்துவிடுகிற காது உங்கள் ஊர்க்காரர்களுடையது. அதற்கு இந்தக் கரகரப்பு எம்மாத்திரம்! 1939 ஏப்ரல் 2 அன்று ஆம்ஸ்டர்டாமில், ரசிகர்கள் நிறைந்த அரங்கில் வில்லெம் மெங்கல்பெர்க் நடத்திய பாஹின் ‘மத்தேயு பாடுகள்’ பதிவைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு குழு ‘பாருங்கள்’ என அழைக்கும், மறு குழு ‘யாரை?’ எனக் கேட்கும் (இசையிலும் கேள்வி-பதில்தான்!). இவற்றுக்கு மேலே சிறுவர் குரல்கள் தனியாக ஒரு துதிப்பாடலை ஏற்றும்போது உடம்பு சிலிர்க்கும். முதல் தடவை கீழ்க்குரலை மட்டும் பின்தொடருங்கள். இரைச்சல் தானாக ஒதுங்கிவிடும். பிறகு தமிழுக்கு வாருங்கள்: எம்.பி. சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயரில் பாரதி பல குரல்களில் எழுந்து நிற்பார்.