மல்லாட்டைக் கணக்கில் வியட்நாம்

எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் எனக்கு மளிகைக் கடையில் பாக்கி இருக்கிறது. ஹோ சி மின் நகரில் நான் லட்சாதிபதி. நம் ரூபாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 டாங். பத்தாயிரம் ரூபாயை மாற்றினால் முப்பது லட்சம். பெரிய நோட்டெல்லாம் பிளாஸ்டிக். மடித்து இடுப்பில் சொருகினால் விறைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது.

“மூணு சைபரை வெட்டிட்டு மூணேகாலால பெருக்குப்பா” என்றான் மகன். அவனுக்கு ரூபாயோடு கணக்கு முடிந்துவிடும். எனக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வரைக்கும் போக வேண்டும். நூடுல்ஸ் சூப் 60,000 டாங் என்றால் இருநூறு ரூபாய். இருநூறு ரூபாய்க்குத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் எத்தனை கிலோ போட வேண்டும்? விடை வருவதற்குள் சூப் ஆறிவிடும். கடைப் பலகையில் வெறும் 60 என்றுதான் எழுதுகிறார்கள். ஆயிரத்தை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். இருபது பைசாதானே என்று நான் இன்னொன்று சொல்லப் போனதை மகன்தான் தடுத்தான்.

பென் தான் சந்தையில் பேரத்துக்குப் பாஷை வேண்டாம், கால்குலேட்டர் போதும். கடைக்கார அம்மாள் 2,50,000 தட்டினாள். நான் 1,00,000 தட்டினேன். கைமாறிக் கைமாறி 2,40,000-த்தில் நின்றது. உடனே மச்சானுக்குப் போன்: “பத்தாயிரம் கொறச்சுட்டேன்!” எந்த ஊர்ப் பத்தாயிரம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கார்டு மெஷின் ‘ரூபாயா, டாங்கா’ என்று கேட்டால் டாங்கைத்தான் அழுத்த வேண்டும். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தில் கறந்துவிடுவார்கள். தெரியும். ஆனாலும் வெளியூரில் சொந்தக்காரனைக் கண்டதுபோல விரல் ரூபாய்ப் பக்கமே ஓடுகிறது.

1954 வரை எங்கள் பக்கத்துப் பாண்டிச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஊர்தான். அங்கே ரூபாய் நோட்டு வெளியிட்ட இந்தோசீனா வங்கிதான் அன்று சைகோனாக இருந்த இந்த ஊரில் பியாஸ்தர் நோட்டும் வெளியிட்டது. அந்த உறவில் நாலு டாங் கூடக் கேட்கலாமா என்று பார்த்தேன். மனைவி முறைத்தாள்.

இந்த ஊர் மாரியம்மன் கோயில் உண்டியல் முன்னால்தான் மாட்டிக்கொண்டேன். இருபதாயிரமும் நீலம், ஐந்து லட்சமும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின். அறுபத்தாறு ரூபாய் பக்தியா, ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பக்தியா? மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சைபர் எண்ணத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டது.

“ஏங்க, வேண்டுதலா, ஆடிட்டா?” என்றாள் மனைவி.

“இரு, நாலாவது சைபர்ல இருக்கேன்.”